அடுத்த வரி

அண்ணன் தண்ணீர் குடிக்கிறான். முதல் பகுதி முடிந்தது. இதுவரை ஓரிடத்திலும் தடுமாறவில்லை, நேற்று சாயந்திரம் முழுக்கத் தென்னந்தோப்பில் நடந்து நடந்து உருப்போட்டது வீண்போகவில்லை. கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கண்ணாடி போட்டால் வயசு தெரிந்துவிடுமாம், காகிதத்தைப் பார்த்துப் படித்தால் யாரோ எழுதிக் கொடுத்தது என்று தெரிந்துவிடுமாம். யாரோ என்ன யாரோ, நான்தான். சேர்மன் நாச்சிமுத்து மனசிலிருந்து பேசுகிறார் என்று பேப்பரில் போடுகிறார்கள், யார் மனசிலிருந்து என்று ஒருத்தனும் கேட்டதில்லை. அப்பா போன பிறகு மில்லின் வெள்ளி விழாவில் முதல்தடவையாக மைக் முன்னால் நின்றான், ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது, முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தான், நான் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன், பிடித்துக்கொண்டான். அன்றைக்குத் தொடங்கியது. எந்த ஊர் மேடையாக இருந்தாலும் முன்வரிசையில் நடு நாற்காலி எனக்கு, கலெக்டரே வந்தாலும் தள்ளித்தான் உட்கார வேண்டும். அண்ணி ஓரத்தில் உட்கார்ந்து ஆரத்தைச் சரிசெய்துகொண்டிருப்பாள். அவன் திக்கினால் என்னைப் பார்ப்பான், நான் அடுத்த வரியை உதட்டில் காட்டுவேன், அவன் சொல்வான், கைதட்டுவார்கள். வெளியே அவனிடம் ஒரு 'ங்ணா' போடாமல் நான் பேசியதில்லை. உள்ளே மட்டும் அவன், இவன். உள்ளே வந்து யார் கேட்கப் போகிறார்கள். ஏசி காற்று நேராகக் கழுத்தில் அடிக்கிறது, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம், ஆனால் கை அசைந்தால் அவன் இங்கே பார்ப்பான். இப்போது பார்க்க வேண்டாம். மூன்றாம் பகுதியில் பார்த்தால் போதும். அங்கேதான் அவன் தடுக்கி விழுவதற்கு ஒரு கல்லைப் போட்டு வைத்திருக்கிறேன்.

அவன் முதுகுக்குப் பின்னால் பெரிய பேனர். 'மௌனம் கலைப்போம்.' கீழே அவன் படம், தாடையில் கைவைத்து யோசிக்கிறான். இந்த ஜென்மத்தில் எப்போது யோசித்தான் என்று எனக்குத் தெரியாது. சாதி பார்க்காத கல்யாணங்களுக்கு ஆதரவாகத் தொழிலதிபர்கள் வாய் திறக்க வேண்டும், இதுதான் இன்றைய பேச்சு. இவனை வாய் திறக்க வைத்தது நான். பக்கத்து மாவட்டத்தில் அப்படிக் கல்யாணம் முடித்த ஒரு ஜோடியை வாய்க்கால் கரையில் வெட்டிப் போட்டார்கள், ஊரெல்லாம் அதே பேச்சு, மில்காரர்கள் மட்டும் அன்றைக்குப் பருத்தி விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிருபர் வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் கருத்து என்ன சார் என்றான். அண்ணன் இட்லியும் கையுமாகப் போனைப் பொத்திக்கொண்டு, "நமக்கெதுக்கு அம்முணி இந்த வம்பு? நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிப்போடு" என்றான். என்னவோ தெரியவில்லை, அந்த நிமிஷம் எனக்குள் ஒருத்தி எழுந்து உட்கார்ந்தாள். "ஒரே ஒரு வரி சொல்லிருங்ணா. வெளிநாட்டுல ஆர்டர் குடுக்கறவீங்க இதையெல்லாம் கவனிக்கறாங்க." சொன்னான். மறுநாள் இங்கிலீஷ் பேப்பரில் படத்தோடு வந்தது, துணிச்சலான ஒற்றைக் குரலாம். டெல்லியிலிருந்து யாரோ பெரிய மனிதர் போனில் பாராட்டினார். அண்ணன் அந்தப் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாளெல்லாம் மில்லைச் சுற்றிச் சுற்றி வந்தான். ருசி கண்டுவிட்டான். பிறகு டிவி, பிறகு காலேஜ் விழா, பிறகு கட்டுரை, எல்லாம் நான் எழுதியது. சமூகத்துப் பெரியவர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கே வந்து, வைத்த காப்பியைத் தொடாமல், "ஏப்பா நாச்சிமுத்து, நம்ம புள்ளைகளையெல்லாம் கண்டவனோட போகச் சொல்றியா?" என்று கேட்டார்கள். ஆடிப்போனான். இத்தோடு விட்டுவிடலாம் என்றான். விடுவேனா? வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னேன், "விட்டுருங்ணா. பெரியவீங்க ஒரு சத்தம் போட்டதும் நாச்சிமுத்து அடங்கீட்டாருன்னு பேசுவாங்க, பேசீட்டுப் போகட்டும்." அடுத்த வாரமே இரண்டு மடங்கு சத்தமாகப் பேசினான். இப்படியே மாசக்கணக்காகக் கொம்பு சீவி விட்டிருக்கிறேன். ஒருநாள்கூட அவன் என்னைச் சந்தேகப்படவில்லை.

இரண்டாம் பகுதிக்கு வந்துவிட்டான். "பெண் என்பவள் யாருடைய உடைமையும் அல்ல." கைதட்டல். இந்த வரியை நான் அடித்து அடித்து எழுதினேன், சொல்லும்போது அவன் ஓர் இமைகூடத் தட்டவில்லை. எப்படி முடிகிறது இவனால்? மறந்துவிட்டானா? மறந்திருந்தால் அது இன்னும் மோசம், நினைவு வைத்துக்கொண்டு சொன்னால் அதைவிட மோசம். மாசிலாமணி. எங்கள் மில்லில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றியவன். என்னிடம் முதலில் பேசியது எங்கள் வீட்டு மிக்சியைப் பற்றி. "தேங்காய அப்படியே போடாதீங்க, கீறிப் போடுங்க." காதல் என்றால் என்னென்னவோ சொல்கிறார்கள், எனக்கு அது மிக்சியில் ஆரம்பித்தது. வேறு சாதி, வேறு தெரு, எங்கள் வீட்டுக்குள் கூடத்தைத் தாண்டி வரக்கூடாத ஆள். அதற்கு முந்தின வருஷம்தான் அண்ணன் கல்யாணம். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் இணைச்சீர் செய்யாமல் எங்கள் பக்கத்தில் தாலி ஏறாது. நான்தான் செய்தேன். பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனையை அண்ணன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான், மறுமுனை என் கையில். எந்தக் காலத்திலும் ஒருத்தரை ஒருத்தர் விடுவதில்லை என்று அதற்கு அர்த்தம், அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். புதுச் சேலை மொடமொடவென்று இருந்தது. அவன் கண் கலங்கியது, எனக்கும்தான். அப்புறம் எங்கள் விஷயம் காதில் விழுந்ததும் அதே அண்ணன் போலீசுக்குப் போன் போட்டான். செம்புக்கம்பி திருட்டு. மாசிலாமணி வீட்டுப் பரணில் எங்கள் மில் கம்பிச்சுருள் இருந்ததாம், அதை யார் கொண்டுபோய் வைத்தார்கள் என்று மில்லில் எல்லோருக்கும் தெரியும், கேட்கத்தான் ஆள் இல்லை. ஸ்டேஷனில் அவனுடைய வலது கைக் கட்டைவிரலை மட்டும் தேடிப்பிடித்து உடைத்தார்கள். கம்பி சுற்றுகிறவனுக்கு அந்த விரலில்தான் சோறு இருக்கிறது என்று போலீசுக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக்கொடுத்தால்தானே தெரியும்? மறுநாள் காலையில் தோசை. அண்ணன் தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்து, "அவன் திருடன் அம்முணி. நீ தப்பிச்சே" என்றான். அன்பாகச் சொன்னான். கத்தியிருந்தால், அறைந்திருந்தால், நானும் எதையாவது தூக்கி எறிந்திருப்பேன், எப்போதோ ஆறிப்போயிருக்கும். அன்பாகச் சொன்னான், நான் அந்தத் தோசையைச் சாப்பிட்டேன். இன்னும் அது இறங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்றேன். ஜாதகத்தில் கோளாறு என்று ஊரில் சொன்னார்கள், இருக்கட்டும். மாசிலாமணியை ஒரே ஒரு தடவை பல்லடம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கூட ஒரு சின்னப் பெண், அவன் ஜாடை. டிக்கெட்டை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்திருந்தான், கட்டைவிரல் மடங்காமல் தனியாக நின்றது. என்னைப் பார்த்தான். பார்த்ததும் பெண்ணைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்களுக்கு நடுவில் புகுந்து எதிர்ப்பக்கம் போய்விட்டான். பஸ்ஸில் அடிபட்டாலும் பரவாயில்லை, இவள் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்கிற மாதிரி. அவன் பயந்தது என்னைப் பார்த்தா, என் அண்ணனைப் பார்த்தா? நான்தான் அவனுக்கு என் அண்ணன். அதை நினைத்தால் இந்த ஹாலையே கொளுத்திவிடலாம் போல வருகிறது, சந்தன மாலை, ரோஜாப்பூ, வெள்ளித் தாம்பாளம், பேனர், எல்லாவற்றையும். கொளுத்தி என்ன ஆகும். பெயின்ட் அடித்துப் புதுசாகக் கட்டிவிடுவார்கள். இவனைக் கொளுத்த வேறு வழி இருக்கிறது, இவன் வாயாலேயே.

வலது பக்கத்து நாற்காலியில் மிதுனாவின் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. அண்ணனின் ஒரே மகள், கண்ணை மூடித் திறப்பதற்குள் வளர்ந்துவிட்டவள். ஒருநாள் நான் மாடியில் துணி எடுக்கும்போது என் பின்னாலேயே வந்து, "அத்தை, கௌதமன்னு ஒருத்தன், எங்கூடப் படிச்சவன், அப்பாகிட்ட நீங்கதான் சொல்லோணும்" என்றாள். எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டேன். அப்பா பஸ் கண்டக்டர், இவன் இங்கேயே ஒரு கம்பெனியில் இருக்கிறான். சாதி எது என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அப்பாதான் டிவியிலெல்லாம் பேசறாரே அத்தை, ஒத்துக்குவாருல்ல?" என் கையிலிருந்த துணி கிளிப்பெல்லாம் கீழே கொட்டியது. பாவி மகளே, டிவியில் பேசுகிறவன் வேறு, கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவன் வேறு, உனக்கு யார் சொல்வது, மாசிலாமணி என்ற பெயரே அந்த வீட்டில் ஒலித்ததில்லையே. கொஞ்சம் பொறு கண்ணு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பொறுத்திருக்கிறாள். ஆனால் இனி நாள் இல்லை. போன வாரம் அண்ணன் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு, பாப்பா எங்கெங்கே போகிறாள் என்று விசாரித்தான். இன்றைக்குக் காரில் வரும்போது, "பொள்ளாச்சிப் பக்கம் நல்ல எடம் ஒண்ணு வந்திருக்குது, தை மாசத்துல முடிச்சுப்போடோணும்" என்றான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது தோசைக் குரல். மிதுனா போனைத் திருப்பி என்னிடம் காட்டுகிறாள், கௌதமன் ஏதோ பூ படம் அனுப்பியிருக்கிறான், போனைப் பிடித்திருக்கும் இவள் விரல்களையே பார்க்கிறேன், அந்தப் பையனுக்கு எப்படிப்பட்ட விரல்கள் என்று தெரியவில்லை. ஒருவேளை தப்புப் பண்ணுகிறேனோ. இவளை வைத்து என் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறேனோ. இவன் மேடையில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வேலையைக் காட்டிவிட்டால்? மாட்டான். ஏன் மாட்டான்? சொல்லிவிட்டால் மாட்டான், இத்தனை கேமரா முன்னால் சொன்னதை விழுங்கினால் அந்தக் கைதட்டல் போய்விடும், அது இல்லாமல் இவனால் இனி ஒருவேளை சோறு தின்ன முடியாது. அதற்காகத்தானே இத்தனை நாளாக ஊட்டி வளர்த்தேன். ஆமாம், பழிதான் வாங்குகிறேன். பழியும் அந்தப் பையன் உயிரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது, நான் என்ன செய்ய?

இன்றைக்கு இவன் வாயிலிருந்து வர வேண்டிய அந்த வரியை நான் முதலிலேயே பேச்சில் எழுதித்தான் கொடுத்தேன். படித்துவிட்டு நகத்தால் கீறினான். "இது வேண்டாம் அம்முணி. வீட்ட எதுக்கு மேடைக்கு இழுக்கறே?" சரிங்ணா என்று எடுத்துவிட்டேன். எடுத்த இடத்தில் ஐக்கிய நாடுகள் பிரகடனம், அரசமைப்புச் சட்டத்தின் பிரிவுகள் என்று வாயில் நுழையாத ஒரு வாக்கியத்தைப் போட்டேன். வீட்டில் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் அதில் தடுக்கினான், இதை வெட்டு என்றான், "அது இருந்தாத்தானுங்ணா பேச்சு கனமா இருக்கும்" என்றேன். கனம் என்றதும் விட்டுவிட்டான். இதோ மூன்றாம் பகுதி. "நண்பர்களே, இது வெறும் உணர்ச்சி அல்ல, சட்டம்." நல்லது. "மனித உரிமைகளுக்கான உலகளாவிய..." வா. "பிரகடனத்தின் பதினாறாவது..." வா, வா. "பிரிவும், நமது அரசமைப்பின்..." நின்றான். நாக்கு உதட்டைத் தடவுகிறது. கண்ணாடியில்லாத அந்தக் கண்கள் கீழே இறங்கி முன்வரிசைக்கு வந்து, நடு நாற்காலிக்கு வந்து, என் முகத்தில் நிற்கின்றன. அந்தப் பார்வையில் ஒரு துளி சந்தேகமில்லை. குழந்தை வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, அடுத்த வாய் சோற்றுக்கு. நான் நினைத்ததே இல்லை, இந்த இடத்தில் எனக்கு இவன்மேல் பாவம் வரும் என்று. வருகிறது. கூறைச்சேலையின் மொடமொடப்பு விரலில் வருகிறது. கூடவே தோசையும் வருகிறது. உதட்டை அசைத்தேன். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. என் வீட்டிலேயே.

"என் வீட்டிலேயே," என்றான் அண்ணன். ஒரு பிள்ளை. "ஒரு பிள்ளை..." அப்படி விரும்பினால். "அப்படி விரும்பினால்," பழக்கம், அவன் காது கேட்கும் முன்பே வாய் சொல்லிவிடும், "நானே முன்னின்று..." இங்கேதான் அவனுக்கு உறைத்தது. கண் பெரிதானது. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண்கள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள், கேமராக்காரன் இரண்டடி முன்னால் வந்துவிட்டான், பாதி வாக்கியத்தில் நிற்க எந்தப் பேச்சாளனாலும் முடியாது. "நடத்தி வைப்பேன்," என்றான். ஹால் அதிர்ந்தது. மிதுனா என் கையைப் பிடித்து நெரித்தாள், வளையல் குத்தியது. அண்ணன் என்னையே பார்த்தான். கோபம் இல்லை, இன்னும் கோபத்துக்கு வந்து சேரவில்லை, அடுத்து என்ன என்கிற பார்வைதான் அது. சேர்மன் நாச்சிமுத்து இத்தனை பேர் முன்னால் என்னிடம் அடுத்த வரி கேட்டுக்கொண்டு நிற்கிறான். கொடுத்தேன். ஒரே ஒரு சொல். உதட்டை நன்றாகத் திறந்து, குவித்து, அவன் தப்பாகப் படித்துவிடக்கூடாது என்று மெதுவாக. மாசிலாமணி. அவன் வாய், பாழாய்ப்போன பழக்கம், தானாகத் திறந்தது. "மாசி..." என்று மைக்கில் கேட்டது. அதற்குமேல் வரவில்லை. கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டான். முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கியது, தாடை ஆடியது, கண்ணில் தண்ணீர் நின்றது. மறக்கவில்லை. இத்தனை வருஷமும் மறக்கவில்லை, தெரிந்தேதான் சோறு தின்றிருக்கிறான். நான் அதைத்தான் பார்க்க வேண்டும் என்றிருந்தேன், பார்த்துவிட்டேன். யாரோ ஒருத்தர் எழுந்தார், பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள், ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அவன் கூனிக் குறுகி நிற்கிறான், இவர்கள் மனசு உருகிவிட்டார் என்று தட்டுகிறார்கள். "அத்தை, அப்பா அழுகறாரு," என்றாள் மிதுனா, அவளும் அழுதுகொண்டு. "அழுகட்டும் கண்ணு," என்றேன். நானும் எழுந்து நின்று கைதட்டினேன், உள்ளங்கை சிவக்கிற அளவுக்கு.

பேச்சு அதோடு முடிந்தது. பொன்னாடை போர்த்திக் கீழே இறக்கிக் கூட்டி வந்தார்கள், கேமராக்கள் பின்னாலேயே வந்தன. எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தவன் என் பக்கத்தில் வந்ததும் குனிந்தான், தங்கையிடம் ஏதோ பாசமாகச் சொல்கிறான் என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். "பையன் யாரு?" என்றான். உதடு சிரித்தபடி இருந்தது, குரல் அந்தத் தோசைக் குரல். பயம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "நாளைக்குக் காலைல நம்ம வீட்டுக்கு வர்றானுங்ணா. டிவிக்காரங்களையும் வரச்சொல்லியிருக்கறேன், நீங்க சொன்னீங்கன்னு." அவன் மூச்சு என் காதில் சூடாகப் பட்டது. "வந்ததும் அவன் வலது கையப் புடிச்சுப் பாருங்ணா. கட்டைவிரல் முழுசா இருக்கும். அது அப்படியே இருக்கோணும்." நழுவிய பொன்னாடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அதே கக்கம். போட்டோக்காரர் எங்கள் மூன்று பேரையும் நெருக்கி நிற்கச் சொன்னார், மிதுனா நடுவில் நின்று இரண்டு பேர் கையையும் கோத்துக்கொண்டாள். "சார், கொஞ்சம் சிரிங்க சார்," என்றார் போட்டோக்காரர். அண்ணன் சிரிக்கவில்லை. மிதுனாவின் தலைக்கு மேலாகத் திரும்பி என்னைப் பார்த்தான். சிரிங்ணா, என்று உதட்டை அசைத்தேன். சிரித்தான்.